முதல்ல கையக் கழுவு

ஒமாஹா, நெப்ராஸ்கா
12 செப்டம்பர் 1993

மதிப்புக்குரிய ஐரிஸ் ஹாலம் அவர்களுக்கு,

இங்கே மூவரும் சுகம். அங்கே நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன்.

தொலைபேசியில் நீங்களும் டேலும் கத்துகிறீர்கள். கத்தல் தொடங்கியதும் கோரா அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அதனால் உங்கள் மகளைப் பற்றிய சேதியை இனிக் கடிதமாக நானே எழுத வேண்டும் என்று உங்கள் விவாகரத்தைக் கவனித்த நீதிமன்றத்து அம்மாள் ஏற்பாடு செய்துவிட்டார். உங்கள் முன்னாள் கணவர் டேலைக் கட்டிக்கொண்டவள் எழுதுவதைப் படிக்க உங்களுக்கு எவ்வளவு கசக்குமோ, எழுத எனக்கும் அவ்வளவு கசக்கிறது. சரி, கடமை.

கோரா நான்காம் வகுப்புக்குப் போய்விட்டாள். அந்தப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் நான் பரிமாறுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். என் வரிசையில் தட்டோடு வந்து நிற்கிறவள் என்னை யாரோ மாதிரி பார்த்து, "உருளைக்கிழங்கு வேணாம் மேடம்" என்கிறாள். ரொட்டி வாங்கிவரும் பிளாஸ்டிக் பைகளைக் கழுவிக் கொடியில் காயப்போடுகிறேனாம், அதனால் தோழிகள் முன்னால் மானம் போகிறதாம். பாட்டு வகுப்பில் பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைக்கிறாள், சத்தம் வருவதில்லை. எந்தக் கதை சொன்னாலும், "அதுல வர்ற நாய் சாகுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறாள்.

அவள் வளர்த்த எலி போன வாரம் செத்துப்போனது. கொட்டகைக்குப் பின்னால் வெறும் கையால் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, முழங்கைவரை சேறோடு சமையலறைக்கு வந்தாள். வாய் கோணிவிட்டது, அழுகை வெடிக்கப் போகிறது. "முதல்ல கையக் கழுவு. அப்புறம் அழு. நான் கூட உக்காந்துக்கறேன்" என்றேன். கழுவினாள். பிறகு குளியலறைத் தரையிலேயே என் மடியில் படுத்து அழுது தீர்த்தாள்.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்கு நீங்கள் வருவதாகச் சொல்லித் திரிகிறாள். வருவீர்கள்தானே?

இப்படிக்கு,
லொரைன் குபிசெக்

பர்பாங்க், கலிஃபோர்னியா
20 அக்டோபர் 1993

திருமதி குபிசெக் அவர்களுக்கு,

கடிதத்துக்கு நன்றி. என் மகள் உங்கள் மடியில் படுத்து அழுதாள் என்ற வரிவரைக்கும் வந்தேன். பிறகு அதை மேசை இழுப்பறைக்குள் தள்ளி மூடிவிட்டு ஒரு கூட்டத்துக்குப் போனேன். கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள்.

நான் இங்கே விளையாடிக்கொண்டிருக்கவில்லை என்பதை டேலிடம் சொல்லுங்கள். இந்த ஸ்டூடியோவில் காப்பி வாங்கி வரும் பெண்ணாக நுழைந்தேன். இன்று குடும்பப் படங்களுக்குத் தயாரிப்பாளர். நாயை வைத்து எடுத்த படம் ஓடியது, குதிரையை வைத்து எடுத்தது படுத்துவிட்டது. இப்போது கையில் இருப்பது பண்ணைப் பெண் ஒருத்தியும் அவள் வளர்க்கும் வாத்தும். இதுவும் படுத்தால் என் பெயர் எழுதிய கார் நிறுத்துமிடத்தை அழித்து வேறு எவன் பெயரையாவது எழுதுவார்கள். இங்கே ஒருவரை வேலையைவிட்டு அனுப்புகிறார்கள் என்பதே பெயிண்ட் வாசனையில்தான் தெரியும்.

எங்கள் தலைவர் ஹார்மன் டில் திரைக்கதையைப் படித்துவிட்டு மேசையில் போட்டார். "ஐரிஸ், உன் கதைல எல்லாரும் நல்லவங்க. நல்லவங்களைப் பாக்க எவன் காசு குடுத்து உள்ள வருவான்? குழந்தைங்க கத்தணும்மா, திட்டணும். கெட்டவ எங்க?" என்றார். கெட்டவளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு வர இயலாது. கோராவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

ஐரிஸ் ஹாலம்

ஒமாஹா
28 டிசம்பர் 1993

ஐரிஸ் அவர்களுக்கு,

பக்குவமாகச் சொன்னேன். ஜன்னல் கண்ணாடியில் மூச்சை ஊதி ஏதோ கிறுக்கிக்கொண்டே கேட்டாள். "சரி" என்றாள். அவ்வளவுதான். எனக்குத்தான் அன்று விருந்துக்குச் சுட்ட வான்கோழி இறங்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பிய பெட்டி வந்தது. ஸ்டூடியோவின் பெயர் முதுகில் போட்ட அந்தப் பெரிய ஜாக்கெட்டை அவள் கழற்றுவதே இல்லை, தூங்கும்போதும் அதுதான். நான் இலையுதிர்காலம் முழுவதும் உட்கார்ந்து பின்னிய ஸ்வெட்டர் இழுப்பறையில் மடித்தபடியே கிடக்கிறது. நீங்கள் அங்கிருந்து ஒரு பெட்டியைத் தள்ளிவிட்டால் போதும், இங்கே தினமும் சுடுகிற என் பழம் வைத்த கொலாச்சி ரொட்டியெல்லாம் தோற்றுப்போகிறது. காலையில் அவள் பல் துலக்கும்போது கண்ணாடியில் பார்க்கிறேன். அந்த மூக்கு உங்களுடையது. எத்தனை வருஷம் சோறு போட்டாலும் அது என் மூக்காகப் போவதில்லை. வயிறு எரிகிறது, மறைத்து என்ன ஆகப்போகிறது?

கோராவுக்குப் புதிதாக ஒரு பயம். நீச்சல் குளத்தின் அடியில் தண்ணீர் போகும் ஓட்டை தன்னை இழுத்துவிடும் என்று நினைக்கிறாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். நீங்கள் அம்மா, உங்களிடம் சொல்லலாம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

லொரைன்

பர்பாங்க்
30 ஆகஸ்ட் 1994

லொரைன் அவர்களுக்கு,

கோராவைப் பத்திரமாக விமானம் ஏற்றிவிட்டேன். கோடை விடுமுறையில் அவள் இங்கே இருந்ததில் எனக்கு மகிழ்ச்சி. அவளுக்கும் இருந்திருக்கும் என்று நம்புகிறேன். ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனேன், வாத்துப் பயிற்சியாளரோடு படம் பிடித்துக்கொண்டாள். ஆனால் ஒன்று. நான் எதைக் காட்டினாலும் ஒரு "லொரைன்" வந்து விழுந்தது. "லொரைன் முட்டையை இப்படி உடைக்க மாட்டா." "லொரைன் சிரிச்சா வாயப் பொத்திப்பா, முன்பல்லு கோணலாம்." "லொரைன் கட்டைவிரலை எச்சில் பண்ணி என் கன்னத்தைத் தொடைப்பா." என் வீட்டில், நான் வாங்கிய தட்டில் சாப்பிட்டுக்கொண்டே! எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நல்ல சேதியும் உண்டு. கெட்டவள் கிடைத்துவிட்டாள். பண்ணைப் பெண்ணின் அப்பா இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டு வருகிற மாற்றாந்தாய். எழுத்தாளரிடம் நானே காட்சி காட்சியாகச் சொன்னேன். டில் சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. "இவளை எங்கம்மா பிடிச்ச? இவ நெஜமாவே எங்கயோ இருக்கா!" என்றார். குடும்பப் படம் என்றால் மாற்றாந்தாய் கெட்டவளாகத்தான் இருப்பாள். நீங்கள் ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஐரிஸ்

பர்பாங்க்
25 நவம்பர் 1995

லொரைன் அவர்களுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், தொலைபேசி ஓயவில்லை. படம் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது! முதல் காட்சிக்குக் கோரா வந்தது எனக்குப் பெரிய பாக்கியம். மாற்றாந்தாய் வரும்போதெல்லாம் அரங்கத்தில் இருந்த குழந்தைகள் கத்திய கத்தலில் டில் என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாளே என்னைக் குடும்பப் படப் பிரிவின் துணைத் தலைவராக்கிவிட்டார்கள். கார் நிறுத்துமிடம் இப்போது வாசலுக்குப் பக்கத்தில். அடுத்த அறைக்காரன் கிரெக் இதுவரை அங்கே நிறுத்தியவன், என்னைக் கண்டால் மாடிப்படியில் திரும்பிப் போகிறான். அவன் வயிறு எரிவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

கோரா படம் முடிந்து எதுவுமே பேசவில்லை. களைப்பாக இருக்கும். ஊருக்கு வந்து ஏதாவது சொன்னாளா?

ஐரிஸ்

ஒமாஹா
9 டிசம்பர் 1995

ஐரிஸ்,

இனி "அவர்கள்" கிடையாது.

எதிர்வீட்டு வெர்னாவோடு நேற்று உன் படத்துக்குப் போனேன். உன் வெற்றியைப் பார்க்கலாம் என்று நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன், முட்டாள். கெட்டவள் ரொட்டிப் பைகளைக் கழுவிக் கொடியில் போட்டாள். வெர்னா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கெட்டவள் கட்டைவிரலை எச்சில் பண்ணிப் பெண்ணின் கன்னத்தை அழுத்தித் தேய்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெர்னா இப்போது திரையைப் பார்க்கவே இல்லை. பிறகு அந்தப் பெண் பொரியாத வாத்து முட்டையைப் புதைத்துவிட்டு மண் கையோடு வந்து நிற்க, கெட்டவள் இடுப்பில் கை வைத்து, "முதல்ல கையக் கழுவு. அப்புறம் அழு" என்றாள். அரங்கமே ஊளையிட்டது. திரைமேல் பாப்கார்ன் பறந்தது. நான் கோட்டுக் காலரை மூக்குவரை இழுத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அது முழுசாக எப்படி இருந்தது என்று உனக்கு எழுதினேனே! "நான் கூட உக்காந்துக்கறேன்" என்ற மிச்சம் எங்கே போனது, ஐரிஸ்? அதை வெட்டி எந்தக் குப்பையில் போட்டாய்?

சாப்பாட்டுக் கூடத்தில் என் நிலைமை கேள். அது என் வாக்கியம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. தட்டை நீட்டிக்கொண்டு, "மிஸஸ் குபிசெக், நீங்க சொல்லுங்களேன், உங்க குரலுக்கு சூப்பரா இருக்கும்!" என்கிறார்கள். தலைமையாசிரியர் ஒரு படி மேலே. உன் ஸ்டூடியோ அனுப்பிய சுவரொட்டியை, அந்தச் சனியன் பிடித்த கெட்டவள் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிற படத்தை, கை கழுவும் தொட்டிக்கு மேலேயே ஒட்டிவிட்டார். "சுகாதாரத்துக்கு நல்லதுங்க" என்றார். நான் நாள் முழுக்க அதன் கீழே நிற்கிறேன்.

உன் மகள் என்ன சாப்பிடுகிறாள், எதற்கு அழுகிறாள் என்று உனக்குத் தெரியட்டும் என்று எழுதினேன். என்னைத் திருடிக்கொள் என்றா எழுதினேன்? இனி என்னிடமிருந்து ஒரு வரி வராது.

லொரைன்

பர்பாங்க்
4 ஜனவரி 1996

லொரைன்,

கத்தி முடித்தாயா? இப்போது என் முறை.

மாற்றாந்தாய் கெட்டவள் என்பதை நான் கண்டுபிடிக்கவில்லை. கதை என்று ஒன்று உண்டான நாளிலிருந்தே அவள் கெட்டவள்தான். பை கழுவுகிறவள் உலகத்தில் நீ ஒருத்தி மட்டும்தானா? வழக்குப் போடு, போய்ப் பார்.

வயிறு எரிகிறது என்று எனக்கு எழுதினாயே, ஒரு ஜாக்கெட்டுக்காக! என் எரிச்சலைக் கேள். நீ பெற்றாயா அவளை? நான் பெற்றேன். நீ என்ன செய்தாய், வந்தாய், அடுப்பங்கரையில் நின்றாய், எல்லாம் உனக்குக் கிடைத்துவிட்டது. அவளுக்குப் பல் விழுந்த இரவில் அதை எடுத்துக்கொண்டு தலையணைக்கு அடியில் காசு வைத்தது நீ. பள்ளிக்கூடத்து அட்டையில் கையெழுத்துப் போட்டது நீ. போன வருஷத்துக்கு முந்தின கோடையில் அவள் இங்கே இருந்தபோது காய்ச்சலில் விழுந்தாள். என் கட்டிலில், என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி "லொரைன், லொரைன்" என்று முனகினாள். உனக்கு எழுதவில்லை. எழுதி உனக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுப்பேன் என்றா நினைத்தாய்? காலையில் காய்ச்சல் விட்டது. அன்றைக்கே எழுத்தாளரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கெட்டவளின் முதல் காட்சியைச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து அவ்வளவு சரளமாக எதுவுமே வந்ததில்லை.

இரண்டாம் பாகமும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். வேண்டுமானால் அதில் அவளைக் கிணற்றில் தள்ளிவிடுகிறேன், உனக்கு நிம்மதியாக இருக்கும்.

ஐரிஸ்

ஒமாஹா
18 பிப்ரவரி 1996

ஐரிஸ்,

எழுத மாட்டேன் என்றவள் எழுதுகிறேன். உன் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடத்தான் எடுத்தேன். காய்ச்சலில் முனகினாள் என்ற வரி இருப்பதால் போடவில்லை. அதை என் நகைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். வெட்கம் கெட்டவள்தான், இருந்துவிட்டுப் போகிறேன்.

நேற்று நான் பாத்திரம் கழுவ, கோரா துடைத்துக்கொண்டிருந்தாள். படத்தைப் பற்றி இந்த வீட்டில் யாரும் வாயே திறப்பதில்லை. அவளாகவே தொடங்கினாள்.

"லொரைன், அம்மாவுக்கு உன்னை ரொம்பப் பிடிக்குமோ?"

குழாயை மூடினேன். "ஏன்டி கண்ணு அப்படிக் கேக்கற?"

"நீ சிரிக்கறது, பை கழுவறது எல்லாம் அப்படியே ஞாபகம் வெச்சிருக்காங்களே. ஒண்ணுகூட மறக்கல. பிடிக்காதவங்களை யாராவது இவ்வளவு பாப்பாங்களா?"

ஒரு தட்டைத் துடைத்து அடுக்கினாள். அடுத்ததை எடுத்தாள்.

"அந்தப் பொண்ணு யாரு?"

"எந்தப் பொண்ணு?"

"படத்துல வர்ற பொண்ணு. சத்தமா பாடறா. ஆத்துல குதிக்கறா. யாரு வந்தாலும் பேசறா. எங்கம்மா ஆபீஸ்ல யாரோ ஒருத்தரோட பொண்ணா?"

"கதைதானே. நெஜத்துல யாருமில்ல."

"நானும் முதல்ல என்னைத்தான் தேடிப் பாத்தேன்" என்றாள். "ஆரம்பத்துலேருந்து கடைசிவரைக்கும் தேடினேன். நான் எங்கயும் வரல. அம்மா என்னைப் பாக்கறப்பல்லாம் உன்னைத்தான் பாத்திருக்காங்க."

அழவில்லை. துணியைப் பிழிந்து மாட்டிவிட்டு வீட்டுப்பாடம் எழுதப் போய்விட்டாள்.

உன்னைக் குத்துவதற்காக இதை எழுதவில்லை என்று சொன்னால் அது பொய். குத்தத்தான் எழுதினேன். ஆனால் எழுதி முடிக்கும்போது அந்தச் சந்தோஷம் வரவில்லை. என்னைப் பிடித்து அப்படியே திரையில் நிறுத்தினாய், நான் கொதித்தேன். அவளை நிறுத்தவே இல்லை, அவள் பாவம் கொதிக்கவும் தெரியாமல் தட்டுத் துடைக்கிறாள்.

லொரைன்

பர்பாங்க்
7 மார்ச் 1996

லொரைன்,

உன் கடிதம் வந்த வாரம் இரண்டாம் பாகத்துக்கான கூட்டம். டில் கேட்டார்: "இந்தத் தடவை அந்தப் பொண்ணைப் பத்தி சொல்லு ஐரிஸ். அவளுக்கு எதைக் கண்டா பயம்? தனியா இருந்தா என்ன பண்ணுவா? உனக்கும் அந்த வயசுல ஒரு பொண்ணு இருக்கால்ல, நீ சொல்லும்மா." மேசையைச் சுற்றி எல்லோரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கிரெக்கும் இருந்தான். நான் வாயைத் திறந்தேன். உன்னைப் பற்றிக் கேட்டிருந்தால் சாயங்காலம்வரை பேசியிருப்பேன். அவளைப் பற்றி ஒன்றும் வரவில்லை. காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கிரெக்தான் தன் பெண்ணைப் பற்றிச் சொன்னான், எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் உடம்பு சரியில்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்தேன். அதில் அவள் இருக்கிறாள். பின்வரிசையில் வாயசைப்பது, நாய் சாகுமா என்று கேட்பது, குளத்து ஓட்டை. நீ எழுதியிருக்கிறாய். நான்தான் உன் பெயர் எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டே படித்திருக்கிறேன்.

அது பழைய கோரா. இப்போது அவளுக்குப் பன்னிரண்டு ஆகப்போகிறது. இப்போது எப்படி இருக்கிறாள்? எதற்குச் சிரிக்கிறாள்? எழுது. படத்துக்கு இல்லை, இரண்டாம் பாகத்தைக் கிரெக்கிடம் கொடுத்துவிட்டார்கள், நானும் சண்டை போடவில்லை. நீ எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு எரியத்தான் செய்யும். இருந்தாலும் எழுது, லொரைன்.

ஐரிஸ்

ஒமாஹா
16 மார்ச் 1996

ஐரிஸ்,

எழுத மாட்டேன்.

கோபத்தில் சொல்லவில்லை. எழுத உட்கார்ந்தேன், ஒரு பக்கம் எழுதியும்விட்டேன். படித்துப் பார்த்தால் அதில் முக்கால்வாசி நான்தான் இருக்கிறேன், அவளுக்கு நான் என்ன செய்தேன், நான் என்ன சொன்னேன் என்று. எனக்கும் உன் வியாதிதான். தாளைச் சுருட்டிப் போட்டேன்.

நீயே வா. வந்து பார்.

ஏப்ரல் முதல் வாரம் பள்ளி விடுமுறை. தையல் அறையில் கட்டில் போட்டுத் தருகிறேன். டேலிடம் பேசிவிட்டேன், முறைத்தார், பிறகு சரி என்றார். நீ வருகிறாய் என்று நான் என் தங்கை வீட்டுக்கெல்லாம் போய்விட மாட்டேன், இது என் வீடு. ஆனால் மேசையில் அவள் உன்னிடம் பேசும்போது நடுவில் வாயைக் கொடுக்காமல் இருக்கப் பார்க்கிறேன். கஷ்டம்தான், முயற்சி செய்கிறேன். நீயும் என்னைப் பார்க்காதே. நான் முட்டை உடைத்தால் உடைத்துவிட்டுப் போகிறேன், நீ அவளைப் பார்.

இத்தனை வருஷமாக நீ வராத ஒவ்வொரு தடவையும் அவளுக்கு முன்னால் நின்று, "அம்மாவுக்கு வேலைடா" என்று சொன்னவள் நான். சொல்லும்போது உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் இனிப்பாகவே இருந்தது. அவள் என் பக்கம் திரும்புவாளே என்று. தட்டுத் துடைத்த அன்றைக்கு அது போய்விட்டது.

அதனால் நீ வரப்போவதை அவளிடம் நான் சொல்லப் போவதில்லை, நீயே சொல். நீ வரவில்லையென்றால், அதையும் நான் சொல்லப் போவதில்லை.

லொரைன்